ஹவில்தார் கிளார்க் ஊருக்கு வந்து எக்ஸிக்யூட்டிவ் சப்போர்ட் தொழில் நடத்த முடியுமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நீங்கள் ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க். அடுத்த வருடம் பென்ஷனோடு வெளியே வருகிறீர்கள். சொந்த ஊர் திருப்பாலைக்குடி பக்கம். ஏ.டி.எம். வாசலிலும் கம்பெனி கேட்டிலும் நிற்க விருப்பமில்லை. முதலாளிகள், டாக்டர்கள், கம்பெனி டைரக்டர்கள் ஆகியோருக்கு காலண்டர், மெயில், பயணம், மீட்டிங் எல்லாம் பார்த்துக்கொடுக்கிற எக்ஸிக்யூட்டிவ் சப்போர்ட் தொழிலை ஊரிலிருந்தே நடத்த முடியுமா, வருகிற கிராஜுவிட்டியில் ராமநாதபுரத்தில் ஆபீஸ் போடலாமா, டிகிரி இல்லாதது தடையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இத்தனை வருடம் நான் பார்த்த வேலைக்கு வெளியே யாராவது காசு தருவார்களா? தருவார்கள். ஆனால் வேலை தெரிவது வேறு, அதை விற்கவும், மறுக்கவும், காசை வசூலிக்கவும் தெரிவது வேறு. முன்னது உங்களிடம் நிறைய இருக்கிறது. பின்னதை யூனிட் யாருக்கும் கற்றுத்தருவதில்லை.

நான் கடற்படையில் ரைட்டராக, அதாவது அங்கே கிளார்க்காக, இருந்து வெளியே வந்தவன். வீடு உச்சிப்புளி பக்கம். பத்து வருடத்துக்கு மேலாக இதே தொழிலைச் சின்ன அளவில் நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிற நடுத்தர முதலாளிகளோடு பழகியதில் வந்தது. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒரு ஜெனரல் யூனிட்டுக்கு விசிட் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மினிட்-டு-மினிட் புரோகிராம் ஒரே தாளில் வரும். நேரம், இடம், என்ன நிகழ்ச்சி, யார் வரவேற்பது, எந்த வண்டி, என்ன உடை, கடைசிக் கட்டத்தில் ரிமார்க்ஸ். வானிலை சரியில்லை என்றால் ஹெலிகாப்டருக்குப் பதில் ரோடு வழி என்று மாற்று ஏற்பாடு கீழே இருக்கும். அவருக்கு எது ஆகாது, டீயில் சர்க்கரை உண்டா என்பதுவரை அவருடைய ஸ்டாஃபிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பீர்கள். இப்போது கீழக்கரைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். துபாயில் கடை, சென்னையில் கிடங்கு, ஊரில் நிலம். மூன்று நாள் மட்டும் வருகிறார். மதுரை விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து கார், வழியில் மதுரையிலேயே இதய டாக்டர், மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன், அதற்கு முன்பே வில்லங்கச் சான்று, பேங்க் மேனேஜரோடு அரை மணி நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எதையும் வைக்கக்கூடாது, சாயங்காலம் தங்கை வீட்டு நிக்காஹ், ராத்திரி துபாய் மேனேஜரோடு வீடியோ கால். இதையும் அதே ஒரு தாளில் அதே கட்டங்களில் போடலாம். ரிமார்க்ஸ் கட்டத்தில் 'பத்திரப்பதிவுக்கு அசல் பான் கார்டு கையில் இருக்க வேண்டும்' என்று எழுதுகிறவருக்குத்தான் அந்த முதலாளி அடுத்த மாதமும் பணம் தருவார். எனக்குத் தெரிந்து இந்தத் தாளை ஒழுங்காகப் போடுகிற ஆள் கிடைப்பது வெளியே கஷ்டம். யூனிட் ஆபீஸில் அது சாதாரண வேலை.

மற்றதெல்லாம் இதன் கிளைகள்தான். மீட்டிங் முடிந்ததும் மினிட்ஸ், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்ற ஆக்‌ஷன் பாயின்ட்ஸ், தேதி வந்தால் நினைவூட்டுவது, கேட்ட பழைய கடிதத்தை இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொடுப்பது, காதில் விழுந்ததை வெளியே சொல்லாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் சந்தையில் மதிப்பு அதிகம். முன்னாள் படைவீரர் என்றால் அதில் ஒரு நம்பிக்கை தானாகவே வருகிறது. அதை நாம் சம்பாதித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம், நமக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்து வைத்தது.

சரி, கூட வராதது எது? அதிகாரம். யூனிட்டில் நீங்கள் அடித்த கடிதத்தின் கீழே கமாண்டிங் ஆபீசருக்காக என்று ஒரு கையெழுத்து இருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்று போட்டால் பதில் வந்தது. இங்கே சப்ளையரின் கணக்குப்பிள்ளைக்கு நீங்கள் யாரோ. மூன்று தடவை போன் செய்தாலும் எடுக்க மாட்டார். எடுக்க வைப்பது ஒரு தனி வித்தை: குரலில் அவசரம் காட்டாமல், அவருக்கும் ஏதோ ஒரு சௌகரியம் செய்துகொடுத்து, பெயர் சொல்லிப் பழகி வேலை வாங்க வேண்டும். ஹெட் கிளார்க் குரலில் பேசினால் போனை வைத்துவிடுவார்கள். இது பழக எனக்குத் தெரிந்த பலருக்கும் ஒரு வருடமாவது ஆனது.

அதைவிடப் பெரிய சிக்கல் 'முடியாது' என்று சொல்வது. படையில் நாம் அதைச் சொல்லிப் பழகவில்லை. ஆபீசர் கேட்டால் ஆகிவிடும் சார் என்போம், எப்படியாவது ஆக்கிவிடுவோம். வெளியே அந்தக் குணத்தோடு வந்தால், மெயிலும் காலண்டரும் பார்க்கச் சேர்ந்த வேலை ஆறே வாரத்தில் பிள்ளைக்கு ஸ்கூல் சீட், கேஸ் சிலிண்டர், மச்சான் கார் இன்சூரன்ஸ் என்று போய் நிற்கும். கேட்கிறவர் கெட்டவர் இல்லை. நீங்கள் மறுக்காததால் கேட்கிறார். அதனால் சேரும்போதே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: என்னென்ன வேலை, மாதம் எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் போன் எடுப்பேன், அவசரம் என்றால் என்ன, கூடுதல் நேரத்துக்கு என்ன கட்டணம், நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். எஸ்.ஓ.பி. (எந்த வேலையை எப்படிச் செய்வது என்ற நிலையான நடைமுறை) எழுதிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் அதைக் காட்டி 'சார், இது அதில் இல்லை, தனியாகச் செய்து தருகிறேன்' என்று சொல்ல வாய் வர வேண்டும். வாய் வராதவர்களுக்கு நான் இந்தத் தொழிலைச் சொல்வதில்லை. அவர்கள் ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்குப் போய்விடுவது நல்லது, அதில் ஒரு குறையும் இல்லை.

எழுத்து நடையும் மாற வேண்டும். 'இட் இஸ் இன்டிமேட்டட் தட்' என்று தொடங்கி, நம்பர் போட்ட பத்திகளில், பழைய கடித எண்ணைச் சுட்டி எழுதும் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். வெளியே முதல் வரியில் விஷயம், இரண்டாம் வரியில் அவர் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக வருகிற உத்தரவை எழுத்தில் திருப்பி அனுப்பி 'சரிதானே' என்று கேட்டுக்கொள்வது மட்டும் படைப் பழக்கம், அதை விடாதீர்கள்.

பணம். மணிக் கணக்கில் இல்லாமல் மாதக் கட்டணமாக வாங்குங்கள், அதையும் மாதத் தொடக்கத்தில் முன்பணமாக. இருபது மணி நேரம், நாற்பது மணி நேரம் என்று இரண்டு அளவு வைத்தால் போதும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பில் போடக்கூடிய வேலை ஐந்து மணி நேரத்துக்கு மேல் தேறாது என்பது என் அனுபவம். மீதி நேரம் உங்கள் சொந்தக் கணக்கு, புது ஆள் பிடிப்பது, கம்ப்யூட்டர் கோளாறு என்று போய்விடும். அதைச் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். உங்கள் கடைசிச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து விலை வைத்தால் நஷ்டம்தான். ஒன்றாம் தேதி சம்பளம் தானாக வந்து விழுந்து பழகியவருக்கு, பணம் கேட்டு போன் செய்வது கூச்சமாக இருக்கும். அதிலும் நம் ஊரில் 'அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி' என்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ ஊர்ப் பெரியவராகவோ இருப்பார். அதனாலேயே முதல் வாடிக்கையாளர் சொந்தத்தில் வேண்டாம்.

யாரிடம் போவது? ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ரூம் விசாரணைக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் அவர்களுக்கு. அது வேறு தொழில், இதோடு கலக்காதீர்கள். மண்டபம், பாம்பன் பக்கம் மீன், இறால் கம்பெனிகள் இருக்கின்றன, முதலாளிகளுக்கு நல்ல ஆள் தேவையும் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகை நம்பிய கம்பெனி அந்த இரண்டு மாதம் உங்கள் கட்டணத்தைத்தான் முதலில் நிறுத்தும். ஒப்பந்தத்தில் அந்த மாதங்களுக்குக் குறைந்த கட்டணம் என்று முன்பே எழுதிவிட்டால் உறவு முறியாது. ஏற்றுமதிச் சான்றிதழ் வேலையில் மட்டும் தெரியாமல் கை வைக்காதீர்கள், அதற்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

என் கணிப்பில் இந்தக் கரைக்குப் பொருத்தமானவர்கள் வெளியே இருக்கும் நம் ஊர்க்காரர்கள்தான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிப்பட்டினத்திலிருந்து போய் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் சென்னையிலும் கடை வைத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தமிழும் வேண்டும், ஆங்கிலக் கடிதமும் வேண்டும், ஊரில் நேரில் போய்ப் பார்க்க ஒரு காலும் வேண்டும். பெங்களூரிலிருந்து வேலை செய்கிறவரால் கடைசியானது முடியாது. நேரமும் ஒத்துவரும். எமிரேட்ஸ் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி விழிக்க வேண்டியதில்லை. வார விடுமுறையை மட்டும் கவனியுங்கள். எமிரேட்ஸில் 2022 தொடக்கத்திலிருந்து அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள், ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். சவூதியில் வெள்ளி, சனி. இரண்டு நாட்டிலும் கடை வைத்திருப்பவருக்கு மீட்டிங் போட்டால் திங்கள் முதல் வியாழன் வரைதான் பாதுகாப்பு. இப்படி ஒரு விஷயத்தை அவர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னால் பாதி வியாபாரம் முடிந்தது.

இனி தாண்டக் கூடாத கோடுகள். சொந்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் அடுத்தவருக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்துக் காசு வாங்காதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவில் அது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். சேது எக்ஸ்பிரஸில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், டிக்கெட்டை அவர் தன் கணக்கில் எடுக்கட்டும். பாஸ்வேர்டும் வாங்காதீர்கள், ஓடிபியும் கேட்காதீர்கள். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் தன் மெயிலையும் காலண்டரையும் பார்க்க இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் டெலிகேட் வசதி இருக்கிறது. அதைப் போட்டுத்தரச் சொல்லுங்கள், பிரியும்போது அவரே எடுத்துவிடலாம். நம்பிக்கை வந்ததும் 'நிலத்துக்கு உங்கள் பெயரிலேயே பவர் போட்டுவிடுகிறேன்' என்பார்கள். வேண்டவே வேண்டாம். நிலத் தகராறில் ஒரு தடவை சிக்கினால் தொழில் முடிந்தது. வளைகுடாக் கட்டணம் பேங்க் வழியாக மட்டும் வரட்டும், உண்டியலில் (ஹவாலாவில்) வருகிற பணத்தைத் தொடாதீர்கள். வாடிக்கையாளரின் பாஸ்போர்ட், ஆதார் நகல்கள் உங்கள் போன் கேலரியில் கிடக்கக்கூடாது. 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அடுத்தவர் தகவலை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு.

படையிலிருந்து ஒரு காகிதமும் மாதிரிக்காகக் கொண்டுவராதீர்கள். 1923-ஆம் வருட அரசு ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற பிறகும் நம்மைக் கட்டுப்படுத்தும். லிங்க்ட்இன்னில் யூனிட் பெயர், இடம், எத்தனை பேருக்கு ரேஷன் என்றெல்லாம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மாதிரி வேண்டுமென்றால் இல்லாத ஒரு கம்பெனியின் பெயரில் பயணத் திட்டம், மினிட்ஸ் இரண்டையும் புதிதாகத் தயாரித்துக் காட்டுங்கள். இன்னொன்று, சர்வீஸில் இருக்கும்வரை தொழில் நடத்த அனுமதி இல்லை. படிக்கலாம், திட்டம் போடலாம், பில் போட முடியாது.

கிராஜுவிட்டி விஷயத்துக்கு என் பதில் சுருக்கம்: தொடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு முதல் வேண்டாம். நல்ல லேப்டாப், ஃபைபர் லைன், அது அறுந்தால் வேறு கம்பெனி சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட், ஐப்பசி கார்த்திகை மழையில் மின்சாரம் போனால் தாங்குகிற இன்வெர்ட்டர், கதவு மூடுகிற ஒரு அறை. ராமநாதபுரத்தில் வாடகைக்கு இடம் பிடித்து போர்டு மாட்டினால் யாரும் உள்ளே வந்து எக்ஸிக்யூட்டிவ் சப்போர்ட் கேட்க மாட்டார்கள். ஜெராக்ஸ் உண்டா என்று கேட்பார்கள். உங்களுக்கு இருக்கிற உண்மையான முதலீடு மாதப் பென்ஷனும் இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும்தான். வாடிக்கையாளர் இல்லாத முதல் எட்டு, பத்து மாதத்தைத் தாண்ட வைப்பது அதுதான். அதே காரணத்துக்காகப் பென்ஷனை முழு அளவுக்குக் கம்யூட் செய்வதற்கு முன், அதாவது மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்குவதற்கு முன், யோசியுங்கள். படையில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம், அந்தப் பகுதி திரும்பி வர 15 வருடம் ஆகும்.

கடனுக்கும் அதே பதில்தான், இப்போதைக்கு. தமிழக அரசு 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தொழில் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம் உண்டு. நல்ல திட்டம். விவரமும் விண்ணப்பமும் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் மானியம் இருக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத கடனை வாங்கக் கூடாது. ஐந்தாறு பேரை வேலைக்கு வைத்து நடத்தும் நிலை வந்தால் அப்போது போங்கள். தொடக்கத்தில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு போதும், ஆன்லைனில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். தனியாக ஒரு கரன்ட் அக்கவுன்ட் வையுங்கள். சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் ரூபாய் வரவு தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிநாட்டு வரவு தொடங்கும்போது ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

இனி நிச்சயமில்லாதவை. மினிட்ஸ் எழுதுவது, மெயிலுக்குப் பதில் வரைவது போன்றவற்றை இப்போது ஏஐ கருவிகளே ஓரளவு செய்கின்றன. டைப்பிங்கை மட்டும் நம்பி இறங்குகிறவருக்கு எதிர்காலம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரை முதலில் கூப்பிடுவது, எந்த மெயிலுக்குப் பதில் போடாமல் விடுவது, எந்த நேரத்தில் முதலாளியிடம் கெட்ட செய்தி சொல்வது என்ற வேலை நிற்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் கூடுதல் பணம் கிடைக்கும் என்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் நான் வேலை பார்த்ததில்லை, பார்த்தவர்களிடம் கேளுங்கள். ஆள் வைத்துப் பெரிதாக்குவதும் எல்லோருக்கும் கைகூடுவதில்லை. மாவட்டத்தில் படித்துவிட்டு வீட்டிலிருக்கிற பெண்கள் நிறையப் பேர், வேலையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வாடிக்கையாளர் உங்களை நம்பித்தான் வருகிறார், உங்கள் இடத்தில் இன்னொருவர் குரல் கேட்டால் சிலர் விலகுவார்கள். பெயரை அறிமுகப்படுத்தி, ஒரு மாதம் இருவரும் சேர்ந்தே போன் காலில் இருந்து, பிறகு ஒப்படைப்பது எனக்கு ஓரளவு பலித்தது.

டிகிரி பற்றிக் கவலை வேண்டாம். 15 வருட சர்வீஸுக்குப் பட்டத்துக்குச் சமமான சான்றிதழ் கொடுக்கிறார்களே, அது மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு உதவும். இந்தத் தொழிலில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. ஆங்கிலம் எழுத வருகிறது, பேசத் தயக்கம் என்கிறீர்கள். போனில் பேச வேண்டிய நாலைந்து சூழ்நிலைகளை எழுதி வைத்துச் சத்தமாகப் படித்துப் பழகுங்கள், போதும். அதைவிட அவசரமானது கணக்கு. வெளியே வருவதற்கு முன் டி.ஜி.ஆர். என்ற படைவீரர் மறுவாழ்வு இயக்குநரகம் வழியாகக் கிடைக்கிற மறுவாழ்வுப் பயிற்சியில் கம்ப்யூட்டர் கணக்கு அல்லது சிறு தொழில் நிர்வாகம் சம்பந்தப்பட்டதாகப் பாருங்கள். செக்யூரிட்டி சூப்பர்வைசர் கோர்ஸில் பெயரைப் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, யூனிட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர் நான்கும் சர்வீஸ் ரெக்கார்டிலும் ஆதாரிலும் பான் கார்டிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் பெயர்கள் ஆங்கிலத்தில் நான்கு விதமாகக் கிடக்கும், இனிஷியலை வேறு எங்காவது விரித்து எழுதியிருப்பார்கள். ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறை, உத்யம், பேங்க், நாளைக்கு மானியக் கடன் எல்லாம் அந்த ஒரு எழுத்தில் தடுக்கி நிற்கும். வெளியே வந்த பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதித் திருத்துவது பெரும்பாடு, உள்ளே இருக்கும்போது யூனிட்டிலேயே வெளியிடுகிற ஒரு பார்ட் டூ ஆர்டரில் முடிந்துவிடும். கிளார்க்குக்கே இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். ஊர்ப்பட்ட ஜவான்களின் பெயரையெல்லாம் திருத்திக் கொடுத்துவிட்டுத் தன் பெயரை அப்படியே விட்டு வந்த கிளார்க்குகளை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.